நடு இருப்பு

பேசக் கூடாது. பாங்கு முடிந்து இமாம் வாயைத் திறந்த நிமிஷத்திலிருந்து வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வந்து உட்கார்ந்தவன் பேசக் கூடாது, பக்கத்தில் ஒருத்தன் பேசினால் ‘சும்மா இரு’ என்று அவனை அடக்கவும் கூடாது, அடக்கியவனும் வீண் பேச்சுப் பேசியவன்தான், கீழே கிடக்கிற கூழாங்கல்லைத் தொட்டால்கூட வீண், நபி சொன்ன ஹதீஸில் இருப்பது அவ்வளவுதான், அதில் ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, ஒரு சொல்லைக் குறைக்கவும் கூடாது. இதை இந்த ஊருக்குச் சொன்னவன் நான். மஞ்சள் காகிதத்தில் ஆயிரம் பிரதி அடித்து மீன் மார்க்கெட் வாசலில் நின்று கொடுத்தேன், வாங்கினவன் அதில் கருவாடு மடித்துக்கொண்டு போனான், போகட்டும், கருவாட்டோடு அவன் வீட்டு அடுப்படிவரைக்கும் ஹதீஸ் போயிற்று என்று சொல்லிச் சிரித்தோம், நானும் இல்யாஸும். அந்த இல்யாஸ்தான் இப்போது மிம்பர் மேடையில் நிற்கிறான். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு, அல்லாஹ்வைப் பயந்துகொள்ளுங்கள் என்று ஆரம்பித்திருக்கிறான். நான் இரண்டாவது வரிசையில் தூணோரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் பத்து நிமிஷமோ பதினைந்து நிமிஷமோ, அவன் அதைச் சொல்லப் போகிறான், அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து இந்தப் பள்ளியில் பெண்கள் வாசல் கிடையாது என்று. திங்கட்கிழமை கமிட்டி கூடி முடிவெடுத்துவிட்டது. என்னைக் கூப்பிடவில்லை. வாசலில் பதித்திருக்கிற கருங்கல்லில் முதல் பெயர் இன்னும் சீனி உதுமான் என்றுதான் இருக்கிறது, கல்லில் வெட்டினதை அழிப்பது கஷ்டம் என்று விட்டிருப்பார்கள், பெயருக்கு உரியவனைக் கூப்பிடாமல் இருப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் எனக்கு ஒரு இடம் இருக்கிறது. முதல் உரையை முடித்ததும் அவன் மிம்பரில் உட்கார வேண்டும், உட்கார்ந்து எழுந்துதான் இரண்டாவது உரையைத் தொடங்க வேண்டும், நபியவர்கள் அப்படிச் செய்தார்கள், அதனால் உலகத்தில் எந்தப் பள்ளியிலும் வெள்ளிக்கிழமை அந்த நடு இருப்பு உண்டு. நாலைந்து மூச்சு இழுத்து விடுகிற நேரம். அந்த நேரத்தில் உரை இல்லை. உரை இல்லாத நேரத்தில் பேசத் தடை இல்லை. அப்போது எழுந்திருப்பேன். அல்லாஹ்வின் அடிமைப் பெண்களை அல்லாஹ்வின் பள்ளிகளைவிட்டுத் தடுக்காதீர்கள் என்பது நபிமொழி, ஆலிம்சா, தடுக்க உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? இவ்வளவுதான். ராத்திரி தூக்கம் வராமல் சொல்லிச் சொல்லிப் பார்த்துச் சுருக்கி வைத்திருக்கிறேன். நாலு மூச்சுக்குள் அடங்கிவிடும்.

மேலே மின்விசிறி சுற்றுகிறது, மூன்று இறக்கையில் ஒன்று லேசாகத் தட்டுகிறது, டக், டக், இதைச் சரிசெய்யச் சொல்லி எத்தனை தடவை, இப்போது அதெல்லாம் யார் கேட்கிறார்கள். வலது பக்கச் சுவரில் பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரி ஜொகரா இருக்கிறாள், சுவரோரம் மூன்றாவது இடம், முழங்கால் மடக்க முடியாமல் பிளாஸ்டிக் நாற்காலியில். காலையில் தொழுகை உடுப்புக்கு நீலம் போட்டு உதறிக்கொண்டே கேட்டாள், ‘மச்சான், இன்னைக்கு நான் வரவா வேணாமா?’ என்ன கேள்வி இது, நாப்பது வருஷமா வர்றவ கேக்குற கேள்வியா என்றேன். ‘இல்ல, கடைசி வெள்ளியாமுல்ல. கடைசின்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறது என்னமோ மையத்து வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு.’ கடைசி இல்ல, நடு இருப்புல எழுந்திரிச்சுக் கேக்கப் போறேன் என்றேன். ‘எல்லாரும் இருக்கையிலயா?’ எல்லாரும் இருக்கையிலதான். ‘மாத்திரை போட்டீங்களா?’ போட்டேன். ‘பொய்யி’ என்றாள், அந்த உடுப்பை இன்னொரு தடவை உதறினாள், தண்ணீர் என் முகத்தில் தெறித்தது, வேண்டுமென்றுதான் உதறினாள். பிறகு சொன்னாள், ‘நீங்க எந்திரிச்சிட்டா போதும் மச்சான். இல்யாசு தம்பி பதில் சொல்லித்தானே ஆவணும். எங் கையால எத்தனை நாள் தின்ன மனுசன்.’ அவள் அப்படித்தான் நினைக்கிறாள். நான் எழுந்துவிட்டால் போதும் என்று. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை, ஆனால் அவளிடம் சொல்லவில்லை. நான் இருக்கேன்ல என்று மட்டும் சொன்னேன். போன மாதம் மருந்துக் கடையில் போய் நின்று மாத்திரையின் பெயர் வாயில் வரவில்லை, ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், கடைக்காரப் பையன் ‘என்ன பாய், எதுக்கு வந்தீங்க?’ என்று கேட்கக் கேட்க நான் அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கு அப்படி ஆனால்? தடுக்காதீர்கள். தடுக்காதீர்கள் என்ற அந்தச் சொல் மட்டும் போகாமல் இருக்கட்டும், மற்றது போனால் போகட்டும்.

அவள்தான் முதலில் வந்தவள். தென்னந்தோப்பில் ஓலைக் கொட்டகை போட்டு நாங்கள் பதினோரு பேர் தொழுதுகொண்டிருந்த காலம், இன்றைக்கு இரண்டு மாடி கட்டியும் ஊர் இதை ஓலைப்பள்ளி என்றுதான் சொல்கிறது. தடுக்காதீர்கள் என்று பிரசுரம் அடித்தாயிற்று, ஆனால் தடுப்பதற்கு ஒரு பெண்ணும் வரவில்லை. நான் வர்றேன் என்றாள். வீட்டிலிருந்து கொட்டகைக்கு மூன்று தெரு. மூன்று தெருவிலும் ஆள் நின்றது. ‘சீனி உதுமான் பொண்டாட்டி பாங்கு சொல்லப் போறாடோய்’ என்று ஒருத்தன் கத்தினான், ‘இவ முன்ன நின்னு இமாமத்துச் செஞ்சா இவன் அடுப்பு ஊதுவானாக்கும்’ என்று இன்னொருத்தன், கடைசித் தெருவில் ஒரு செருப்பு வந்து அவள் தோளில் விழுந்தது. வந்து சேர்ந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, ‘எறியறவன் ஜோடியா எறியக் கூடாதா, ஒத்தைச் செருப்ப வச்சு என்ன பண்றது?’ இல்யாஸ் அன்றைக்கு அழுதான். கொட்டகைக்கு வெளியே போய், தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு. நம்ம பொம்பளைங்க நபி காலத்து சஹாபிப் பெண்கள் மாதிரி காக்கா, என்றான். அழுதான் என்பதை நான் நினைத்துக்கொள்கிறேனே, அவன் நினைத்துக்கொள்வானா? இப்போது மிம்பரில் ஒற்றுமையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். அல்லாஹ்வின் கயிற்றை எல்லோரும் சேர்ந்து பற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். வந்துவிட்டான். அந்த வசனத்தை எடுக்கும்போதே எனக்குத் தெரியும். எங்களை ஊரைவிட்டு ஒதுக்கி வைத்த காலத்தில் பழைய பெரிய பள்ளியின் இமாம் ஹஜ்ரத்தும் இதே வசனத்தைத்தான் எங்கள் தலையில் போட்டார்.

நான் எட்டாம் வகுப்பு. ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிற வேலை. நான் படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரம், டீக்கடையில் ஒட்டினது, பஸ்ஸில் கொடுத்தது, பொட்டலம் பிரித்துப் படித்தது, அதற்கு நான் வெட்கப்பட்டதில்லை, தடிப் புத்தகம் படித்தவர்கள் செய்யாததைப் பொட்டலம் படித்தவன் செய்திருக்கிறேன். இல்யாஸ் ஏழு வருஷம் மதரஸாவில் ஓதி, ஆலிம் பட்டத்தோடும் ஒரு தகரப் பெட்டி நிறைய அரபுக் கிதாபோடும் ஊருக்கு வந்தான். என்னைவிட ஆறு வயது சிறியவன். ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் மரத்தூள் மூட்டை அடுக்கியிருக்கிற அறையில் உட்கார்ந்து அவன் வாசித்துப் பொருள் சொல்வான், நான் எழுதுவேன். அங்கேதான் தாவூதைப் பற்றிச் சொன்னான். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் பக்தாதில் இருந்தவர், ஏழை, வசனத்தில் வெளிப்படையாக என்ன சொல் இருக்கிறதோ அதுதான் சட்டம் என்றவர், ஒன்றைப் பார்த்து அதே மாதிரி இருக்கிறதே என்று இன்னொன்றுக்குச் சட்டத்தை நீட்டாதே, அப்படி நீட்டுவதற்கு கியாஸ் என்று பெயர் வைத்து மார்க்கம் ஆக்காதே என்றவர். அவர் பாடம் சொல்ல உட்கார்ந்தால் பச்சைச் சால்வை போர்த்திய நானூறு பேர் எதிரே இருப்பார்களாம். ஐஸ் அறையில் நான் ஒருத்தன், பச்சைச் சால்வைக்குப் பதில் கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு கேட்டேன். பிறகு ஸ்பெயின் தேசத்து இப்னு ஹஸ்ம், மந்திரி மகன், வீட்டுப் பெண்களிடம் குர்ஆன் ஓதி, பெண்களிடமே எழுத்துப் பழகியவர், பெண்களைப் பள்ளிக்கு வரவிடாமல் தடுக்க எந்த ஆணுக்கும் உரிமை இல்லை என்று எழுதினவர். சிறையில் போட்டார்கள், ஊர் ஊராகத் துரத்தினார்கள், அவர் கிதாபைத் தெருவில் குவித்துக் கொளுத்தினார்கள். அந்தச் சட்டவழிக்கு, அந்த மத்ஹபுக்கு, இப்போது எந்த ஊர் இருக்கிறது என்று கேட்டேன். ‘ஊரே இல்ல காக்கா. அழிஞ்சு போச்சு. பின்பற்ற ஆள் இல்ல’ என்றான். மத்த நாலு மத்ஹபுக்கும் ஊர் இருக்கு, இதுக்கு நாம ரெண்டு பேர் இருக்கோம் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஏன் எனக்கு அது அப்படிப் பிடித்துப்போயிற்று என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ஹஜ்ரத்மார்கள் எதிரே வந்து உட்கார்ந்தால் ஆயிரம் பக்கம் பேசுவார்கள், காலம் கெட்டுவிட்டது, குழப்பம் வரும், பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், உனக்கு என்னப்பா தெரியும் என்பார்கள். தாவூது என் கையில் ஒரே ஒரு சொல்லைக் கொடுத்தார். அந்தச் சொல் எங்கே இருக்கிறது, காட்டுங்கள். ஐஸ் உடைக்கிறவன் அதைக் கேட்டதும் ஏழு ஊர் ஹஜ்ரத்தும் வாயடைத்துப் போனதை இந்த இரண்டு கண்ணால் பார்த்தவன் நான். அந்த ருசியை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

கேலி செய்தார்கள். தொழுகை இருப்பில் விரலை அசைக்கிறோம் என்று விரலாட்டி என்றார்கள், ஒரு நாள் பெரிய பள்ளிக்குள்ளேயே வைத்து என் ஆள்காட்டி விரலை ஒடித்தார்கள், அது கோணலாகவே கூடிவிட்டது. டீக்கடையில் போனால், ‘தேங்கின தண்ணியில நேரா ஒண்ணுக்கு இருக்கக் கூடாது, சட்டியில இருந்து கொண்டாந்து ஊத்துனா கூடும், அதானே காக்கா ஒங்க மத்ஹபு?’ என்று கேட்டுச் சிரிப்பார்கள். அந்தக் கேலிகூட ஆயிரம் வருஷப் பழசு என்று இல்யாஸ் சொன்னான். அந்த நடு இருப்பைக் கண்டுபிடித்ததும் அவன்தான். கிதாபில் விரலை வைத்து, ‘காக்கா, இங்க பாருங்க, இமாம் ரெண்டு உரைக்கு நடுவுல உட்காரும்போது பேசலாம்னு இப்னு ஹஸ்ம் எழுதியிருக்காங்க’ என்றான். எனக்கு அந்த எழுத்து தெரியாது, அவன் விரலைத்தான் பார்த்தேன். அந்த வெள்ளியே பெரிய பள்ளிக்குப் போனோம். ஹஜ்ரத் முதல் உரையை முடித்து உட்கார்ந்தார், இல்யாஸ் என் இடுப்பில் ஒரு இடி இடித்தான், நான் எழுந்து, ஹஜ்ரத், இப்ப நீங்க சொன்னதுக்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். ஹஜ்ரத்துக்கு எழுந்திருக்கவும் தெரியவில்லை, உட்கார்ந்திருக்கவும் தெரியவில்லை. அதற்கு நாங்கள் சந்து என்று பெயர் வைத்துக்கொண்டோம். இன்னைக்குச் சந்துல போவமா காக்கா? போவோம்டா தம்பி. ஏழு வெள்ளி, ஏழு கேள்வி. எட்டாவது வெள்ளி ஊர்விலக்கு.

விலக்கி வைத்த மூன்றாவது வருஷம் என் வாப்பா மௌத்தானார். மையத்தாங்கொல்லையில் குழி வெட்ட இடம் தர மாட்டோம் என்று பூட்டிவிட்டார்கள். வாப்பா எங்களோடு வந்தவர்கூட இல்லை, பெரிய பள்ளியில்தான் கடைசிவரைக்கும் தொழுதார், என் வாப்பாவாக இருந்தது ஒன்றுதான் குற்றம். வாடகை வேனில் ஏற்றி முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊரில் கெஞ்சி அடக்கினோம். வேனில் மையத்துக்குப் பக்கத்தில் இல்யாஸ் உட்கார்ந்து, சாலையில் பள்ளம் வரும்போதெல்லாம் ஆடாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். செவ்வாய்க்கிழமை அவன் வீட்டுக்குப் போனபோது அதைத்தான் எடுத்து என் முன்னால் வைத்தான். பாவி. ‘வாப்பாவை நான்தான் காக்கா பிடிச்சுக்கிட்டு வந்தேன். இன்னொரு மையத்தை அப்படிக் கொண்டுபோக என்னால முடியாது. பெரிய பள்ளி இறங்கி வந்திருக்கு. விலக்கை எடுக்குறாங்க, கொல்லையில எடம் தர்றாங்க, நம்ம புள்ளைங்க நிக்காஹை ஊர்ப் புத்தகத்துல எழுதுறாங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாங்க.’ அந்த ஒண்ணு ஜொகராவோட வாசல்டா என்றேன். ‘பெண்களுக்கு ஜும்ஆ கடமையா? இல்லன்னு நீங்கதான் எழுதுனீங்க.’ கடமை இல்ல, ஆனா தடுக்கக் கூடாதுன்னும் எழுதுனேன், தடுக்காதீர்கள்னு சொல் இருக்கு. அவன் என்னைப் பார்த்தான். நாற்பது வருஷம் பார்த்த முகம், அதில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. ‘நாம யாரையும் தடுக்கலையே காக்கா. ஒரு பொம்பள வந்தா யாரு கையப் பிடிச்சுத் தடுக்கப் போறோம்? வாசல்ல செவுரு எழுப்புறோம். தடுக்காதீர்கள்னுதான் சொல் இருக்கு, வாசல் வைங்கன்னு சொல் இல்லையே. நீங்க கத்துக்கொடுத்த மத்ஹபுதான்.’ நான் அப்போது எழுந்து ஒரு அறை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அவன் மருமகள் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், குடித்தேன், சர்க்கரை கூடிப்போயிருந்தது, அதையும் சொல்லாமல் குடித்தேன். திரும்பி நடந்து வரும்போது தெருவெல்லாம் எனக்கு ஒரே கேள்வி. அவன் எனக்குப் பொருள் சொல்லாமல் விட்ட வரிகள் எத்தனை? நான் படித்த தாவூது அவன் வாயில் வந்த தாவூது, நான் படித்த இப்னு ஹஸ்ம் அவன் விரல் போன வழியில் போன இப்னு ஹஸ்ம். அந்த விரலுக்கு மேல் வரியில் என்ன இருந்தது, கீழ் வரியில் என்ன இருந்தது? உரைக்கு நடுவே வாயைத் திறக்க இன்னும் ஒரு வழி அதே பக்கத்தில் எழுதியிருந்தால்? எழுத்துத் தெரியாதவன் எழுத்தை மட்டும் நம்பு என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இல்லை, அப்படி இல்லை, சொல் சரிதான். சொல்லில் ஒரு குற்றமும் இல்லை. வாசித்தவன்தான்.

சொல்லிவிட்டான். நான் நினைப்பில் அந்தத் தெருவில் நடந்துகொண்டிருந்த நேரத்தில் இங்கே சொல்லிவிட்டான். ‘இடவசதியையும் ஊர் ஒற்றுமையையும் கருதி, வரும் வாரம் முதல் சகோதரிகள் தங்கள் இல்லங்களிலேயே தொழுதுகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.’ கேட்டுக்கொள்கிறோம். எவ்வளவு மரியாதை. முன் வரிசையில் ஒருத்தர் தலை ஆட்டினார், பிற்பாடு ஐஸ் அறைக்கு வந்து சேர்ந்தவர்களில் ஒருத்தர்தான், அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, ஊர்ப் புத்தகம் வேண்டும். எனக்கு இடது பக்கம் இருக்கிற இளவட்டம் ரியாஸ் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உள்ளங்கையைப் பார்க்கிறான். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை சிணுங்கிற்று, யாரோ சமாதானம் செய்தார்கள், வேறு சத்தம் இல்லை. எனக்குக் காதில் ரத்தம் அடிக்கிறது, விசிறி தட்டுவதும் அதுவும் ஒன்றாகக் கேட்கிறது. முழங்காலைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்துக்கொண்டேன், சட்டென்று எழுந்திருக்கத் தோதாக, தூணில் கை வைத்தால் எழுந்துவிடலாம். அடிமைப் பெண்களை, அல்லாஹ்வின் பள்ளிகளைவிட்டு, தடுக்காதீர்கள். இருக்கிறது, எல்லாச் சொல்லும் இருக்கிறது. அவன் முடிக்கப் போகிறான், குரல் தாழ்ந்துவிட்டது, அந்தத் தாழ்வு எனக்குத் தெரியும், எனக்கும் உங்களுக்கும் அல்லாஹ்விடம் பாவமன்னிப்புத் தேடுகிறேன் என்று அரபியில் சொல்கிறான், அதைச் சொன்னால் உட்கார வேண்டும். பின்னால் ஒருத்தர் தொண்டையைச் செருமினார். ஜனம் உடம்பைத் தளர்த்திற்று. நான் தூணில் கை வைத்தேன்.

இல்யாஸ் என்னைப் பார்த்தான். முன்னூறு தலைக்கு நடுவில் நேராக என்னை. கை மிம்பரின் பிடியில் இருந்தது, உட்காரப் போகிறவன் பிடிப்பது போலத்தான் பிடித்தான், முழங்கால்கூட லேசாக மடங்கிற்று. பிறகு நிமிர்ந்தான். உட்காரவில்லை. ஒரே ஒரு மூச்சு இழுத்து, நின்றபடியே, அல்ஹம்து லில்லாஹ் என்று இரண்டாவது உரையை ஆரம்பித்துவிட்டான். எனக்கு முதலில் புரியவில்லை. மறந்துவிட்டான் என்று நினைத்தேன், வயசாயிற்று, எனக்கு மாத்திரைப் பெயர் மறந்ததைப் போல. மறக்கவில்லை. மறந்தவன் என்னைப் பார்த்திருக்க மாட்டான். நான் சந்தில் வருவேன் என்று அவனுக்குத் தெரியும், உலகத்தில் அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும், அந்தச் சந்தை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வெட்டினோம், அவன் அதை அடைத்துவிட்டான். முன்னூறு பேரில் ஒருத்தனும் கவனிக்கவில்லை. கவனித்தவன் நான் ஒருத்தன், என்னால் பேச முடியாது, உரை தொடங்கிவிட்டது, உரையின்போது வாயைத் திறந்தால் நாற்பது வருஷம் நான் ஊரை எந்தச் சொல்லால் அடித்தேனோ அதே சொல்லால் இவர்கள் என்னை அடிப்பார்கள், பக்கத்தில் இருப்பவனைச் சும்மா இரு என்று சொல்லவும் உரிமை இல்லாத இடத்தில் இமாமைப் பார்த்துக் கத்தினான் சீனி உதுமான் என்பார்கள். இதையும் அவன் யோசித்திருக்கிறான். என் வாயை மூட அவனுக்கு ஆள் வேண்டியதில்லை, அடி வேண்டியதில்லை, பெரிய பள்ளிக்காரர்கள் விரலை ஒடித்தும் முடியாததை அவன் ஒரு தரம் உட்காராமல் இருந்து முடித்துவிட்டான். வாப்பாவை ஆடாமல் பிடித்துக்கொண்டு வந்த கை. எங்கள் வீட்டுச் சோறு. நான் தூணிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தேன். ஒரு பக்கம், இதைச் சொன்னால் அல்லாஹ் மன்னிக்கட்டும், ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது. எழுந்திருக்க வேண்டியதில்லை. சொல் மறந்துபோகுமோ என்ற பயம் இல்லை. வீட்டுக்குப் போய் ஜொகராவிடம் சொல்லலாம், அவன் உட்காரலடி, நான் என்ன செய்யட்டும், ஹதீஸ் இருக்கே. அவள் உடுப்பை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவாள். அடுத்த வெள்ளி நான் மட்டும் குளித்துக் கிளம்புவேன், அவள் வாசல்வரை வந்து செருப்பை எடுத்து வைப்பாள்.

அப்போதுதான் அது கேட்டது. திரைக்கு அந்தப் பக்கமிருந்து, ஒரே ஒரு தட்டல். உள்ளங்கையைப் புறங்கையில் அடிக்கிற சத்தம், காய்ந்த சத்தம். இல்யாஸ் குரல் ஒரு சொல்லில் தடுக்கி நடந்தது. மறுபடியும் ஒன்று. தொழுகையில் இமாம் தவறிவிட்டால் பின்னால் நிற்கிற ஆண்கள் சுப்ஹானல்லாஹ் என்று சொல்லி உணர்த்த வேண்டும், பெண்கள் கையைத் தட்டி உணர்த்த வேண்டும், அதற்கு ஹதீஸ் இருக்கிறது, ஆனால் அது தொழுகையில். தொழுகையில் என்றுதான் சொல் இருக்கிறது. இது உரை. உரையில் இமாம் உட்கார மறந்ததற்குக் கைதட்டு என்று ஒரு கிதாபிலும் இல்லை. ஒன்றைப் பார்த்து இன்னொன்றுக்கு நீட்டுகிறாள், இது கியாஸ், பச்சைக் கியாஸ், நாற்பது வருஷம் ஒரே வீட்டில் என்னோடு இருந்துவிட்டு. ஜொகராதான். வலது கையில் வெள்ளி மோதிரம், தட்டும்போது அது எலும்பில் படுகிற சத்தம் எனக்குத் தெரியாதா. இங்கே முன்னூறு ஆம்பிளையும் கவனிக்காததைத் திரைக்குப் பின்னால் அவள் கவனித்திருக்கிறாள், ஏனென்றால் அந்த இருப்புக்காகக் காத்திருந்திருக்கிறாள், சத்தம் நின்றதும் என் குரல் கேட்கும் என்று ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள், சத்தம் நிற்கவே இல்லை, என் குரலும் வரவில்லை. மூன்றாவது தட்டலோடு இன்னொரு கை சேர்ந்தது. பிறகு நாலைந்து. பிறகு எண்ண முடியவில்லை, ஒழுங்கில்லாமல், பல வயசுக் கைகள். எல்லோரும் இமாமுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று இங்கே நினைத்துக்கொள்வார்கள். அந்த முதல் கை அவனுக்குத் தட்டவில்லை. தவறினவன் அவன் ஒருத்தன்தானா என்று என்னைக் கேட்கிறது. ரியாஸ் திரும்பித் திரையைப் பார்த்தான், முன் வரிசைக்காரர் கழுத்து சிவந்துவிட்டது, வாயைத் திறந்து அடக்கவும் முடியாது, சும்மா இருங்கள் என்று சொன்னால் அவர் ஜும்ஆ வீண். இல்யாஸ் சத்தத்தைக் கூட்டினான். கடைசி துஆவுக்கு வந்துவிட்டான், வேகமாக, இன்னும் வேகமாக, முடித்துவிட்டால் இகாமத், இகாமத் சொன்னால் தொழுகை, தொழுகை முடிந்தால் சுவர்.

நான் மடியில் கிடந்த என் கைகளைப் பார்த்தேன். ஆண்களுக்கு சுப்ஹானல்லாஹ், பெண்களுக்குக் கைதட்டல். ஆம்பிளை கைதட்டுவதற்கு எங்கும் ஆதாரம் இல்லை. அது தொழுகைக்கு, இது உரை, அவர்கள் பெண்கள், நான் ஆண், இரண்டு இடத்தில் தப்பு. தாவூது பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் இடது கையைக் கவிழ்த்து, வலது உள்ளங்கையால் அதன் மேல் அடித்தேன். ஆண்கள் பக்கத்தில் அந்தச் சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்டது. இல்யாஸ் துஆவில் நின்றுவிட்டான். மறுபடியும் அடித்தேன். முன்னூறு முகமும் என் பக்கம் திரும்பிற்று, ஐஸ் அறைக்கு வந்த முகங்கள், வேனில் வந்த முகங்கள், ஒவ்வொன்றையும் பார்த்தேன், பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகக் குனிந்தன. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு கணம் அடங்கிற்று, இந்தப் பக்கத்துச் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். பிறகு மோதிரக் கை தட்டியது. நான் தட்டினேன். அவள் தட்டினாள். நான் தட்டினேன். ஆண்கள் பக்கத்தில் வேறு ஒரு கையும் எழவில்லை.